ஆலைத் தொழிலாளியும் தேச சுதந்திரமும்

நமது இருபதாம் நூற்றாண்டுச் சரித்திரத்தை எழுதுவோர் பலர், சுதந்திரப் போரை ஓர் அத்தியாயமாகவும் தொழிலாளியின் கூலிப் பிரச்னையை வேறோர் அத்தியாயமாகவும் பிரித்து எழுதுகின்றனர். இப்பிரிவினை உண்மைக்குப் பொருந்தாது என்பது நமது துணிபு. 1908-ம் வருஷத்துத் தூத்துக்குடியே இதற்குச் சாட்சி.

சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்த ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை, கடலில் ஆங்கிலேயருடன் போட்டியிட்டதோடு நிற்கவில்லை. அவ்வூரில் ஆங்கிலேயருக்குச் சொந்தமான கோரல் நூல் ஆலையின் தொழிலாளரையும் அவர் கவனித்தார். வயது வந்த ஆண்களின் வேலை நேரத்துக்குச் சட்டத்தில் அன்று வரம்பே கிடையாது. கூலி உயர்வும் வார ஓய்வும் கோரி 1908 பிப்ரவரி 27-ந் தேதி தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பிள்ளையவர்களும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். ஊரார் பொருளுதவி செய்தனர். வேலை நிறுத்தத்தைப் பழித்தவருக்குச் சவரம் செய்ய நாவிதரும் மறுத்தனர். மார்ச் மாதம் முதல் வாரத்திலேயே ஆலை நிர்வாகம் இணங்கிற்று.

இவ்வொற்றுமையின் பொருளைச் சர்க்கார் நன்கு உணர்ந்தது. மார்ச் 12-ந் தேதி தலைவர்கள் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே, பிள்ளையவர்களுக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். அப்பீலில் அது குறைந்ததாயினும், 1912 டிசம்பர் வரை அவர் சிறையில் வாடினார்.

ஒற்றுமை குலைந்தால் விளைவது யாது? அதைச் சென்னை காட்டிற்று. 1918-ல் அங்கு ஏற்பட்ட தொழிலாளர் சங்கம் தேசத்துக்கே வழிகாட்டியது. ஆயினும், 1921-ல் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளில் நிகழ்ந்த போராட்டம் ஜாதிப் பிளவால் சிதறிற்று. ஆதி திராவிடத் தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் கலகம் மூண்டது. பழியை அவர்கள்மீது மட்டும் சுமத்துவது அநீதியாகும். ஆலைக்கு வெளியே தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டவரை ஆலைக்குள் மட்டும் சகோதரர் என்றழைத்தால், அவ்வழைப்பை அவர் எங்ஙனம் நம்புவார்?

சட்டம் மெல்ல மெல்லவே இரங்கியது. நெசவு, நூல் ஆலைகளில் ஆண்களுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி என்ற வரம்பு 1911-ல் வந்தது. வாரத்துக்கு அறுபது மணி என 1922-லும், ஐம்பத்து நான்கு என 1934-லும், நாற்பத்தெட்டு என 1946-லும் அது குறைந்தது.

இவ்வாறு வந்த உரிமை தானே நிலைத்து நில்லாது. தினசரி வேலையைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க இடங்கொடுத்த மசோதா, 2023 ஏப்ரல் 21-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையிலேயே நிறைவேறிற்று. வாரக் கணக்கு கூடாது என்று சமாதானம் கூறினர். மனித உடல் களைப்பது அன்றாடமேயன்றி வாரக் கணக்கிலன்று. பல கட்சிகளும் தொழிற்சங்கங்களும் ஒருங்கே எதிர்த்தமையால், மே முதல் தேதி அது வாபஸாயிற்று.

தேச விடுதலை வந்துவிட்டது. ஆலைக்குள் மனிதன் மனிதனாக நடத்தப்படுவதே அதன் உரைகல். பிள்ளையவர்களின் சிலைக்கு மாலை சூட்டும் நண்பர்கள், தமது ஊர்த் தொழிலாளி எத்தனை மணி உழைக்கிறான், அவனது சேரிக்கும் தமது தெருவுக்கும் இடையே இன்னும் என்ன சுவர் நிற்கிறது என்பதையும் விசாரிப்பார்களாக. அதுவே அம்மகானுக்குச் செய்யும் உண்மையான மரியாதை.