கட்-ஆஃப் இருந்தும் சீட் கைவிட்டுப் போவது எப்படி?

"எங்க பையன் கட்-ஆஃப் 178. எந்த காலேஜ் கிடைக்கும் சார்?" பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து டீக்கடை, கல்யாண வீடு, வாட்ஸ்அப் குழு என்று எங்கும் இதே கேள்விதான். எந்தச் சமூகப் பிரிவு, எந்தப் பாடப்பிரிவு வேண்டும், சான்றிதழ்கள் தயாரா என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இருக்காது. கேள்வி கேட்கப்பட்டவரும் வாயில் வந்த இரண்டு கல்லூரிப் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவார். பொறியியல் கவுன்சலிங் முடிந்த பிறகு அதே பெற்றோர், நல்ல மார்க் இருந்தும் சீட் போய்விட்டதே என்று அலைவதை ஆண்டுதோறும் பார்க்க வேண்டியிருக்கிறது. விசாரித்தால், மார்க்கில் குறையே இருக்காது. ஒரு சான்றிதழ், ஒரு ஓடிபி, விருப்பப் பட்டியலில் தவறான ஒரு வரிசை, இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் காரியம் கெட்டிருக்கும்.

முதலில் கணக்கு. தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத்தேர்வை நீக்கும் சட்டம் வந்த பிறகு, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். மொத்தம் 200. கணிதம் 100-க்கு அப்படியே. இயற்பியல், வேதியியல் இரண்டும் பாதியாக்கப்பட்டு 50, 50. கணிதத்தில் 94, இயற்பியலில் 91, வேதியியலில் 88 வாங்கியவரின் கட்-ஆஃப் 94 + 45.5 + 44 = 183.5. தமிழும் ஆங்கிலமும் இதில் சேராது. 600-க்கு எவ்வளவு என்பதை வைத்துக்கொண்டு கல்லூரி தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணிதத்தில் போகும் ஒரு மார்க் முழு மார்க். மற்ற இரண்டிலும் அது அரை மார்க்.

விண்ணப்பிக்கவே ஒரு குறைந்தபட்சத் தகுதி உண்டு. இந்த மூன்று பாடங்களின் சராசரி பொதுப்பிரிவினருக்கு 45 சதவீதமும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் இருக்க வேண்டும். கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் குரூப் எடுத்தவருக்கு இந்தக் கவுன்சலிங்கில் இடமில்லை. பத்தாம் வகுப்பு முடித்ததும் "கணக்கு கஷ்டம்" என்று பிள்ளையை மாற்றிவிட்டு, இரண்டு வருடம் கழித்து பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கேட்டு வருகிறவர்களுக்கு யாராலும் உதவ முடியாது.

கட்-ஆஃபை வைத்து ரேங்க் போடுகிறார்கள். சீட்டைத் தீர்மானிப்பது ரேங்க். ஒரே கட்-ஆஃபில் நூற்றுக்கணக்கானோர் நிற்பார்கள். அப்போது கணித மதிப்பெண்ணில் தொடங்கி, இயற்பியல், நான்காவது பாடம் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். எல்லாம் சமமானால் வயதில் மூத்தவர் முன்னே வருவார். அதுவும் சமமானால் ரேண்டம் எண் பெரிதாக உள்ளவர் முன்னே வருவார். பொது ரேங்க் தவிர, சமூகப் பிரிவுக்கான ரேங்க் தனியாக உண்டு. பொதுப்பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியலினத்தவர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 சதவீதம். பொதுப்பிரிவின் 31 சதவீதம் ரேங்க் உள்ள எல்லோருக்கும் பொது. பி.சி. மாணவர் அதிலும் வரலாம், தன் பிரிவிலும் வரலாம்.

போன ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு எந்த மார்க்கில் முடிந்தது என்ற பட்டியல் கவுன்சலிங் இணையதளத்திலேயே கிடைக்கும். யூடியூப்காரர்கள் சொல்வதை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். பார்க்கும்போது உங்கள் சமூகப் பிரிவின் பத்தியைப் பாருங்கள். பொதுப்பிரிவு மார்க்கைப் பார்த்துப் பயந்து நல்ல கல்லூரியை எழுதாமலே விட்டவர்கள் உண்டு. அந்த மார்க் இந்த ஆண்டும் அப்படியே நிற்கும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. வினாத்தாள் எளிதானால் ஏறும், இடங்கள் கூடினால் இறங்கும். கல்லூரியைப் பெயரால் தேடாமல் குறியீட்டு எண்ணால் தேடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் ஒரே மாவட்டத்தில் கல்லூரிகள் இருக்கின்றன. பாடப்பிரிவின் பெயருக்குப் பின்னால் 'எஸ்.எஸ்.' என்றிருந்தால் அது சுயநிதிப் பிரிவு. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிக்குள்ளேயே இருந்தாலும் அதற்குக் கட்டணம் வேறு, கூடுதல்.

இனி சான்றிதழ்கள். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். இங்கேதான் அதிகாரிகளின் மெத்தனமும் சேர்ந்துகொள்கிறது.

சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் நீங்கள் யாராக இருந்தாலும் கணினிக்குப் பொதுப்பிரிவுதான். பழைய அட்டைச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறது என்று நம்பி உட்கார வேண்டாம். டிஜிட்டல் கையொப்பமிட்ட இணையவழிச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கு ஆர்.இ.வி-101, இருப்பிடப் பிறப்பிடச் சான்றுக்கு 102, வருமானச் சான்றுக்கு 103, முதல் பட்டதாரிச் சான்றுக்கு 104 என்பவை சேவை எண்கள். முதலில் 'கேன்' எனப்படும் குடிமக்கள் அணுகல் எண்ணைப் பதிய வேண்டும். மையத்தின் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் துணை வட்டாட்சியருக்கோ வட்டாட்சியருக்கோ போகும். பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தர வேண்டியது. அதற்குக் கள விசாரணை உண்டு, மாதங்கள் ஆகும். மே மாதம் விண்ணப்பித்துவிட்டு ஜூனில் கிடைக்கும் என்று நினைப்பது வீண்.

விண்ணப்பம் போட்டதோடு வேலை முடியவில்லை. கூடுதல் ஆவணம் கேட்டு வி.ஏ.ஓ. அதைத் திருப்பி அனுப்பியிருப்பார். செய்தி, மையத்துக்காரர் பதிந்த ஏதோ ஒரு செல்பேசி எண்ணுக்குப் போயிருக்கும். நீங்கள் காத்திருப்பீர்கள், விண்ணப்பம் உறங்கிக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். காரணமில்லாமல் கிடப்பில் போட்டால் கோட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முதல்வரின் உதவி எண் 1100-இலும் பதியலாம். வாயால் கெஞ்சியதற்கு எந்தப் பதிவும் இருக்காது. மனு எண்ணுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பெயரையும் இனிஷியலையும் பாருங்கள். ஆதாரில் ஒன்று, மாற்றுச் சான்றிதழில் ஒன்று, சாதிச் சான்றிதழில் இன்னொன்று என்றிருந்தால் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஏதாவது ஒரு வகுப்பை வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இருப்பிடப் பிறப்பிடச் சான்று கட்டாயம். பெங்களூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் திரும்பி வந்தவர்கள் இதைக் கடைசி நாளில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

முதல் பட்டதாரிச் சலுகை, குடும்பத்தில் யாருமே பட்டம் பெறாத வீட்டுக்கு. அண்ணனோ அக்காவோ அந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. மறைத்து வாங்கினால் பின்னால் பணத்தைக் கட்டச் சொல்வார்கள்.

7.5 சதவீத உள்ஒதுக்கீடு பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது. 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இதில் சேரும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. உதவிபெறும் பள்ளியை 'கவர்மென்ட் ஸ்கூல்' என்றே ஊரில் அழைப்பதால் வரும் குழப்பம் இது. இந்த ஒதுக்கீட்டில் கிடைத்த இடத்துக்குக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அதே மாணவர் பொதுக் கவுன்சலிங்கிலும் கலந்துகொள்ளலாம். ஆனால் அங்கே எடுக்கும் இடத்துக்கு இந்தச் சலுகை வராது. 'பெரிய காலேஜ்' என்று பொதுவில் தாவும் முன் நான்கு வருடக் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள்.

பதிவு செய்யும்போது உங்கள் சொந்த செல்பேசி எண்ணையும் சொந்த மின்னஞ்சலையும் கொடுங்கள். பிரவுசிங் சென்டர்காரர் எண்ணைக் கொடுக்காதீர்கள். பாஸ்வேர்டை எவரிடமும் கொடுக்காதீர்கள். "நாங்களே சாய்ஸ் ஃபில்லிங் செய்து தருகிறோம்" என்று வீடு தேடி வரும் கல்லூரி ஆட்கள் பட்டியலில் முதலில் போடுவது அவர்கள் கல்லூரியைத்தான். அப்புறம் கணினி தவறு செய்துவிட்டது என்று புலம்பிப் பயனில்லை. உங்களுக்கு இணையம் பழக்கமில்லை என்றால், மாவட்டந்தோறும் அமைக்கப்படும் பொறியியல் சேர்க்கை உதவி மையத்துக்குப் போங்கள். அங்கே பதிவுக்கும் பட்டியல் நிரப்பவும் இலவசமாக உதவ வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: ஓடிபி வரும் போன் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ரேங்க் பட்டியல் வந்ததும் குறைகளைச் சொல்லச் சில நாட்கள் தருவார்கள். மறுமதிப்பீட்டில் மார்க் மாறியவர், சமூகப் பிரிவு தவறாகப் பதிவானவர், 7.5-இல் பெயர் விடுபட்டவர் எல்லோருக்கும் அந்த நாட்கள்தான். அது முடிந்த பின் கிண்டி தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் வாசலில் நின்றாலும் ரேங்க் மாறாது. மறுமதிப்பீடு வேண்டுமென்றால் விடைத்தாள் நகலை முதலில் வாங்கியிருக்க வேண்டும் என்பதையும் ரிசல்ட் அன்றே நினைவில் வையுங்கள்.

விருப்பப் பட்டியலுக்கு வருவோம். கணினி செய்வது மிக எளிய வேலை. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கிறது. அவ்வளவுதான். கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதினால் வாய்ப்பு வீணாகிவிடும் என்பது சுத்தமான வதந்தி. எத்தனை எட்டாத கல்லூரியை மேலே எழுதினாலும் நஷ்டமில்லை; கணினி அதைத் தாண்டி அடுத்ததற்கு வரும். நஷ்டம் வருவது எதிர்த்திசையில். பாதுகாப்புக்காக என்று சுமாரான கல்லூரியை முதல் வரியில் போட்டால் அது கிடைத்துவிடும், அதற்குக் கீழே நீங்கள் எழுதிய நல்ல கல்லூரியைக் கணினி திரும்பியே பார்க்காது. உங்களுக்கு உண்மையில் எது அதிகம் பிடிக்குமோ அதை முதலில் எழுதுங்கள். அதிகம் பிடித்தது முதலில், அடுத்தது அடுத்து. எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை; பத்தோடு நிறுத்திவிட்டு ஒன்றுமே கிடைக்காமல் நிற்பவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. அதேபோல், சேரவே மாட்டீர்கள் என்ற கல்லூரியை இடத்தை நிரப்புவதற்காக எழுதாதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பட்டன் அழுத்த இரண்டொரு நாள்தான். ஏற்றுச் சேர்வது ஒன்று. ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பது இன்னொன்று. இதில் கட்டணத்தை உதவி மையத்தில் கட்டி வைக்க வேண்டும். பட்டியலில் இதற்கு மேலே எழுதியதில் ஏதாவது காலியானால் தானாக அங்கே மாற்றுவார்கள். மாறிய பின் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. கையிலிருப்பதை நிராகரித்து அடுத்த சுற்றுக்குப் போகும் வழியும் உண்டு. அதைத் தொடுமுன் நன்றாக யோசியுங்கள், அடுத்த சுற்றில் மிச்சமிருப்பதுதான் கிடைக்கும். எந்தப் பட்டனும் அழுத்தாமல் விட்டால் ஒதுக்கீடு ரத்து. ஊருக்குப் போயிருந்தோம், நெட் இல்லை என்ற காரணங்களை யாரும் கேட்பதில்லை.

சிறுபான்மையினர் அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களை அரசுக் கவுன்சலிங்குக்குத் தர வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இதில் வரமாட்டா. அவற்றுக்குச் சேர்க்கை தனி, கட்டணம் தனி. கவுன்சலிங்கில் வந்த மாணவரிடம் கட்டண நிர்ணயக் குழு சொன்னதற்கு மேல் வாங்குவதும் நன்கொடை கேட்பதும் 1992-ஆம் ஆண்டின் நன்கொடைத் தடைச் சட்டப்படி குற்றம். அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு "முழுப் பணமும் கட்டினால்தான் தருவோம்" என்று சொல்லும் உரிமை எந்தக் கல்லூரிக்கும் கிடையாது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு முன் விலகினால், 1,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. விலகல் கடிதத்தைக் கையில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தேதி போட்ட அந்த நகல் இல்லாமல் புகார் நிற்காது.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. பக்கமும் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவினர் அல்லாதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீதச் சான்றிதழும் மத்திய நிறுவனங்களுக்குத்தான். தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் அந்த ஒதுக்கீடே கிடையாது.

வீட்டில் பதினொன்றாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால், இந்த வாரமே சாதிச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் தேர்வு வரும்வரை காத்திருக்காமல் திருத்த விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.