ஆறு மில்லிமீட்டர் தொந்தி

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வரும் கோடையில் நண்பர்களோடு அல்கான்குவின் பூங்காவுக்குள் கேனோவில் போய்க் கூடாரம் போட்டுத் தங்கப்போகிறாராம். ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே படகையும் மூட்டைகளையும் தோளில் சுமந்துதான் நடக்க வேண்டும். பிடிக்கும் மீனைப் பொரிக்க ஒரு ஃப்ரை பேன் தேவை. கராஜ் சேல்களில் பழைய காலத்து எஃகுச் சட்டிகள் கிடைக்கின்றன, எதைப் பார்த்து எடுப்பது என்று கேட்கிறார்.

சட்டியில் எண்ணெய் ஏற்றிப் பழக்குவதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. இரும்புத் தோசைக்கல் இருந்த வீட்டில் வளர்ந்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. எடையிலிருந்து தொடங்குவோம். அடிப்பகுதி 20 செ.மீ. விட்டம் என்றால், 1 மி.மீ. எஃகுத் தகட்டில் அது ஏறக்குறைய 250 கிராம், 2 மி.மீ. ஆனால் அரைக் கிலோ. வார்ப்பிரும்பை அத்தனை மெல்லியதாக வார்ப்பது கடினம். 4 மி.மீ. கனம் என்று வைத்துக்கொண்டாலே அடி மட்டும் 900 கிராம் வரும். பக்கச்சுவரும் கைப்பிடியும் தனிக்கணக்கு.

காட்டுக்குப் போகிறவர்கள் இந்தக் கிராம் கணக்குப் பார்ப்பது புதிதல்ல. 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்ற அமெரிக்கர், 1884இல் வந்த 'வுட்கிராஃப்ட்' நூலில் சுமை குறையக் குறையத்தான் காட்டில் சுகம் என்று வற்புறுத்தினார். மெலிந்த, நோயாளி மனிதர். 1883இல் ஆடிராண்டாக் ஏரிகளில் அவர் ஓட்டிய 'சேரி கேம்ப்' என்ற கேனோ ஐந்து கிலோகூடக் கிடையாது.

பழைய தகட்டுச் சட்டிகளின் கைப்பிடியைப் பாருங்கள். பலவற்றில் அதுவும் தகட்டை மடித்து உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்ததுதான். மெல்லிய உலோகத்தில் வெப்பம் மெதுவாகவே ஏறிவரும். வழியிலேயே காற்று அதை வாங்கிக்கொள்ளும். எடையும் மிச்சம், கையும் சுடாது. ரிவெட் ஆடாமல் இருக்கிறதா என்று மட்டும் அசைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தீராத வியப்பு இந்தச் சட்டிகளுக்கு விழும் தொந்திதான். பழைய மெல்லிய சட்டியைக் கண்ணாடி மேசையில் வைத்துத் தட்டினால் பம்பரமாகச் சுற்றும். அடி புடைத்துவிட்டது என்று அர்த்தம். இது எப்படி நேர்கிறது? எஃகு வெப்பத்தைப் பரப்புவதில் மந்தம். அலுமினியம் அதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகம். சிறிய அடுப்பில் எஃகுச் சட்டியை வைத்தால் நடுப்பகுதி கொதிக்கும்போது விளிம்பு இன்னும் குளிர்ந்தே இருக்கும். நடுப்பகுதி விரியப் பார்க்கும். விளிம்பு இடம் கொடுக்காது.

எவ்வளவு விரியும்? ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் எஃகு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். சட்டியின் நடுவே குறுக்காக 20 செ.மீ. நீளக் கீற்று ஒன்றை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பைவிட 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அது நீள்வது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இதில் என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் தோன்றும். பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்டிக் ஸ்கேலின் இரு முனையையும் பிடித்து அழுத்தி விளையாடுவோமே, அதுதான் இங்கேயும். முனைகள் துளி நெருங்கினாலும் நடுப்பகுதி எழும்பிவிடும். முனைகள் அசையவே இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த அரை மில்லிமீட்டர் நடுவில் 6 மி.மீ. மேடாகிறது! நிஜத்தில் விளிம்பும் கொஞ்சம் சூடாகி விரிவதால் அவ்வளவு தூரம் போவதில்லை. பெரும்பாலும் ஆறியதும் தகடு பழைய நிலைக்கே திரும்பும். தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டால், அல்லது சுடும் சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால், தொந்தி நிரந்தரம்.

ஆனால் எல்லாத் தொந்தியும் குற்றமல்ல. கடையில் ஒரு ஸ்கேலைச் சட்டிக்குள் குறுக்கே நிறுத்திப் பாருங்கள். நடுப்பகுதி மேலே எழும்பியிருந்தால் வேண்டாம். எண்ணெய் ஓரத்துக்கு ஓடிவிடும், நடுவில் முட்டை கருகும். கீழே இறங்கியிருந்தால், அதுவும் ஓரிரு மில்லிமீட்டர்தான் என்றால், தயங்காமல் எடுங்கள். தட்டையான கண்ணாடி அடுப்புக்குத்தான் அது ஆகாது. மூன்று கல் அடுப்பில் சட்டி ஆடப்போவதில்லை. கையிருப்பு எண்ணெய் குறைவான இடத்தில் இருக்கிற எண்ணெயெல்லாம் நடுவில் தேங்கினால் மீன் பொரிக்க நல்லதுதானே? வீட்டுச் சமையலுக்கு உதவாது என்று ஒதுக்கப்படுவதால் விலையும் குறையும்.

சிறிய கேஸ் அடுப்பு கொண்டுபோகிறவர் 2 மி.மீ. தகட்டைத் தேடட்டும், விறகு நெருப்பு சட்டியின் அடி முழுவதும் பரவும் என்பதால் அங்கே இன்னும் மெல்லியதும் தாங்கும். மேலாகப் படிந்த துரு தேய்த்தால் போய்விடும். குழி விழுந்த துரு போகாது. இன்னொன்று முக்கியம்: தூண்டில் குண்டும் துப்பாக்கிக் குண்டும் வார்க்க ஈயம் உருக்கிய பழைய சட்டிகளும் சந்தைக்கு வருகின்றன. ஈயத்தைக் காட்டிக்கொடுக்கும் சோதனைக் குச்சிகள் கடைகளில் உண்டு. ஈயம் இருப்பது தெரிந்தால் தேய்த்தோ சுட்டோ சரிசெய்யப் பார்க்காதீர்கள். விட்டுவிடுங்கள்.

இத்தனை எளிய பொருளுக்கு நாம் செய்யும் கொடுமையும் கொஞ்சமில்லை. பழைய எண்ணெய்க் கறையைப் போக்குகிறேன் என்று எரியும் நெருப்பில் சட்டியைக் கவிழ்த்துப் போடுகிறவர்கள் உண்டு. ஒருபக்கமாகச் சூடேறினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். கிரைண்டர் வைத்துப் பளபளப்பாக்கி விற்கிறவர்கள் உண்டு. ஏற்கெனவே மெல்லிய தகடு அதனால் இன்னும் மெலிகிறது. ஒட்டாத பூச்சுப் பேனைக் காட்டுக்குக் கொண்டுபோய்த் தணலில் வைப்பது அதைவிட மோசம். 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். விறகு நெருப்பு அந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

எஃகுச் சட்டி கேட்பது இரண்டே இரண்டு: மெதுவாகச் சூடேற்றுங்கள், ஈரம் போகத் துடைத்து வையுங்கள். இதற்குப் பொறுமை இல்லாதவர் அலுமினியம் வாங்கிக்கொள்ளலாம். அது இன்னும் லேசு, துருவும் பிடிக்காது.