பதிவுக்குக் கீழே 10 டாலர்: கைக்கு வருவது எவ்வளவு?

வாசகர் வாக்குகளுக்கு ஏற்ப எழுத்துக்குப் பணம் தரும் ஹைவ் தளத்தில் ஒரு பதிவுக்குக் கீழே 10 டாலர் என்று காட்டினால் எழுதியவருக்கு 10 டாலர் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கு முடிய ஏழு நாள் ஆகும். அதற்குள் எதிர்வாக்கு விழுந்தால் தொகை இறங்கும். இறங்காமல் நின்றாலும் பாதி, அதாவது 5 டாலர், வாக்களித்தவர்களுக்குப் போய்விடும். மீதி ஐந்தில், வழக்கமான ஏற்பாட்டின்படி, இரண்டரை டாலர் ஹெச்பிடி என்ற நாணயமாக வரும். அதை உடனே விற்கலாம். இன்னொரு இரண்டரை ‘ஹைவ் பவர்’ ஆகப் பூட்டப்படும். வெளியே எடுக்க 13 வாரத் தவணை.

விளம்பரமும் இல்லாமல், சந்தாவும் இல்லாமல் பணம் எங்கிருந்து வருகிறது? ஹைவ் இயங்கும் பிளாக்செயின், அதாவது பலர் கணினிகளில் ஓடும் பொதுக் கணக்கேடு, ஓயாமல் புது நாணயம் உருவாக்குகிறது. அதில் ஒரு பங்கு பொதுத் தொட்டியில் சேர்ந்து, வாக்குகளின்படி பிரிகிறது. ஆனால் ஆளுக்கொரு ஓட்டு என்ற கணக்கு இங்கே செல்லாது. பூட்டிய நாணயம் எவ்வளவோ அவ்வளவுதான் வாக்கின் கனம். புதியவர்கள் நூறு பேர் பாராட்டினாலும் சில காசுதான். ‘திமிங்கிலம்’ எனப்படும் பெரும் கையிருப்புக்காரர் ஒருவர் வாக்களித்தால் தொகை எகிறும். எனவே நன்றாக எழுதினால் மட்டும் போதாது, கண்ணில் படவும் வேண்டும். அதற்குக் காசு செலவில்லாத வழி, பிறர் பதிவில் உருப்படியாகப் பின்னூட்டம் எழுதுவது. பின்னூட்டத்துக்கும் வாக்கும் வருமானமும் உண்டு.

இந்த முறைக்கு முன்னோடி ஸ்டீமிட். நெட் ஸ்காட், டான் லாரிமர் இருவரும் 2016இல் தொடங்கினார்கள். 2018 ஜனவரியில் அதன் நாணயமான ஸ்டீமின் விலை 7 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு முடிவதற்குள் அரை டாலருக்கும் கீழே விழுந்தது. நிறுவனம் ஊழியர்களில் சுமார் 70 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. காசு வாங்கிக்கொண்டு வாக்குப் போடும் ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்களும் அப்போது கொடிகட்டிப் பறந்தன. 2020 பிப்ரவரியில் டிரான் என்ற கிரிப்டோ தளத்தின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட்டை வாங்கினார். அதை ஏற்காதவர்கள் பிரிந்து மார்ச் 20 அன்று தொடங்கியதுதான் ஹைவ்.

மாதச் செலவுக்கு இதை நம்பி வேலையை விடுவது, என் பார்வையில், விவேகமில்லை. எழுத்து அப்படியே இருக்க, சம்பளம் மட்டும் நாணயச் சந்தையோடு ஏறி இறங்கும். இந்தியாவில் இருப்பவர் வரியையும் கணக்கில் வைக்க வேண்டும். கிரிப்டோவை விற்று வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. ஒரு நாணயத்தில் பட்ட நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.