வாழிடமும் லாகிரி வேட்கையும்

லாகிரி வஸ்துவுக்கு அடிமைப்பட்டான் ஒருவனைக் காணுங்கால் உலகத்தார் இருவகையாகப் பேசுவர். அவன் மனவுறுதி இல்லாதவன் என்பர் ஒரு சாரார். அவ்வஸ்துவின் வன்மையே அத்தகையது, அதனைத் தீண்டினார் மீளார் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் அவன் வாழும் இடத்தைப் பற்றி ஒன்றும் வினாவுவதில்லை. அவ்வினாவைச் சோதனைச்சாலைப் பிராணிகளைக் கொண்டு ஆராய்ந்தார் சிலர் உளர். அவர் கண்டவற்றைச் சுருங்கக் கூறுதலே ஈண்டு நம் நோக்கமாகும்.

1960-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த சோதனைகளில், எலியொன்றைச் சிறு கூண்டில் தனியே அடைத்து, அதன் இரத்தக் குழாயில் மெல்லிய குழல் ஒன்றைப் பொருத்துவர். கூண்டிலுள்ள நெம்புகோலை அது அழுத்துந்தோறும் மருந்து உடலுட் செல்லும். எலிகள் மீண்டும் மீண்டும் அழுத்தின. மருந்தின் வன்மைக்கு இதுவே சான்று எனப் பலர் முடிவு செய்தனர்.

கனடா நாட்டு சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புரூஸ் அலெக்ஸாண்டர் அம்முடிவை ஐயுற்றார். எலி கூடி வாழும் இயல்பினது, விளையாட்டில் விருப்பமுடையது. துணையும் தொழிலுமின்றி அடைபட்ட எலி மருந்தை நாடுதல் மருந்தின் குணமோ, கூண்டின் குணமோ என்பதே அவர் எழுப்பிய வினா. இதனைத் தெளியும் பொருட்டு அவரும் அவர்தம் தோழரும் 'எலிப் பூங்கா' ஒன்றை அமைத்தனர். அதன் பரப்பு வழக்கமான கூண்டினும் ஏறத்தாழ 200 மடங்கு. சுவரிலே கானகக் காட்சி தீட்டப்பட்டது. தரையிலே மரச்சீவல் பரப்பப்பட்டது. ஒளிந்து விளையாடத் தகரக் குவளைகளும், ஓடுதற்குச் சக்கரங்களும் இருந்தன. ஆணும் பெண்ணுமாய்ப் பல எலிகள் அங்கே கூடி வாழ்ந்தன.

தனிக்கூண்டு எலிகளுக்கும் பூங்கா எலிகளுக்கும் மார்பியா கலந்த நீர் பல வாரங்கள் புகட்டப்பட்டது. பின்னர் அந்நீரும் தூய நீரும் ஒருங்கே வைக்கப்பட்டன. கூண்டு எலிகளே மார்பியாவை மிகுதியாகப் பருகின. 1978-இல் இம்முடிவு வெளிவந்தது.

இதனை ஐயமற்ற உண்மையெனக் கொள்ளுதலும் கூடாது. 1996-இல் பீட்ரி என்பார் இத்தகைய சோதனையை மீண்டும் நிகழ்த்தியபோது அவ்வேறுபாடு காணப்படவில்லை. எலிகளின் வமிச வேறுபாடும் இதற்குக் காரணமாகலாம் என்று கருதப்பட்டது. ஆகவே, வாழிடம் ஒன்றே யாவற்றையும் முடிவு செய்யும் என்பார் கூற்றும் மிகைபடக் கூறலேயாம்.

ஆயினும் பின்வந்த ஆராய்ச்சிகள் அவ்வினாவைக் கைவிடவில்லை. பிரான்சு தேசத்தில் சொலினாஸ் என்பாரும் அவர் குழுவினரும் சுண்டெலிகளைக் கொக்கேனுக்குப் பழக்கி, பின்னர் விளையாட்டுப் பொருள் நிறைந்த அகன்ற கூண்டில் 30 நாள் வாழவிட்டனர். முன்பு கொக்கேன் பெற்ற இடத்தையே நாடிச் செல்லும் வழக்கம் அவற்றிடம் மறைந்தது. இது 2008-இல் வெளிவந்தது. 2012-இல் அக்குழுவினரே மற்றொன்றும் கண்டனர்: வளமான வாழிடத்தில் வளர்ந்த சுண்டெலிகளை வெறுங்கூண்டிற்கு மாற்றியவிடத்துக் கொக்கேன் அவற்றை எளிதிற் கவர்ந்தது. பெற்ற நலத்தை இழத்தலும் ஒரு கேடு என்பது இதனாற் புலனாம்.

2018-இல் அமெரிக்காவில் வெனிரோ முதலியோர் வெளியிட்ட சோதனை இன்னும் வியக்கத்தக்கது. ஒரு நெம்புகோலை அழுத்தினால் மருந்து கிடைக்கும். மற்றொன்றை அழுத்தினால் கதவு திறந்து வேறோர் எலியின் நட்புக் கிடைக்கும். மருந்துக்குப் பழகிய எலிகளும் பெரும்பாலும் நட்பையே தேர்ந்தன. ஆனால், அந்நட்பு உடனே கிட்டாது காலந்தாழ்த்தபோது அவை மருந்தின்பால் திரும்பின.

மனிதன் எலி அல்லன். அவன் துன்பங்களை நெம்புகோலால் அளத்தல் இயலாது. மருந்துகள் மூளையை மாற்றும் வன்மை உடையன என்பதும் மறுக்கற்பாலதன்று. எனினும், தெருவோரத்தில் மயங்கிக் கிடப்பானை இகழ்ந்து கடக்கும் நாம், அவனுக்குத் துணையாவார் உளரோ, செய்தற்குத் தொழில் உளதோ, திரும்புதற்கு வீடு உளதோ என்று ஒருகணம் எண்ணியதுண்டா? அவனைத் திருத்த விழைவோர் மருந்தினின்று விலக்குதலோடு அமையாது, அவன் வாழ்தற்குரிய இடத்தையும் தேடித் தருதல் வேண்டும். காலந்தாழ்த்த நட்பு எலிக்கும் பயன்படவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.