தலையாட்டும் பூதம்!

தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை என்றதும் பெரும்பாலோருக்கு ராஜாவும் ராணியும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆபீஸ் போகிறவர்களுக்கு, மேனேஜர் ரூமில் நிற்கும் தங்கள் உருவமே ஞாபகம் வரலாம். எனக்கு மட்டும் பூதம்!

பழைய பொம்மைகள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. சம்பளத்தில் ஒரு பங்கு இப்படி பீரோவுக்குள் போய் உட்கார்ந்து முறைக்கிறதே என்று வீட்டில் மாசா மாசம் பட்ஜெட் விவாதம் நடக்கும். அந்த பீரோவில் இல்லாத ஒன்று, கீழவாசலில் என் அத்தை வீட்டுக் கொலுவில் ஒரு காலத்தில் இருந்தது. முட்டைக் கண், கோரைப் பல், இரண்டு கொம்பு. சாய்த்துவிட்டால் எழுந்து நின்று முறைக்கும். ராஜா, ராணிக்கு அச்சு இருக்கும். வரிசையாகப் போட்டுக்கொண்டே போகலாம். பூதம் என்பது யாரோ சொல்லிச் செய்த ஸ்பெஷல் ஆர்டர். அது மாதிரி இன்னொன்றை நான் எந்தக் கடையிலும், எந்தக் கொலுவிலும் பார்த்ததில்லை.

இப்போது மிஞ்சியிருப்பது என்ன? கிண்ணம் மாதிரி அடிப்பாகம். தாடையோடு ஒட்டிய ஒரு கை அகலக் காகித ஓடு. அப்புறம், 1962-ல் ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை போட்டோ. அதில் பூதம் கம்பீரமாக நிற்க, பக்கத்தில் ஒரு குழந்தை வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருக்கிறது. அலறுவது என் அப்பா. அவருடைய சின்ன வயசுக்கு அந்த ஒரு போட்டோதான் சாட்சி. அப்பா இப்போது இல்லை. அத்தைக்கு எண்பது ஆகிறது.

"இந்தக் கொலுவுக்கு அதைப் பண்ணி வச்சுடேன்டா. உங்கப்பன் பயந்தது அது ஒண்ணுக்குத்தான்" என்றாள்.

இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஆரோரா கம்பெனி 1961-ல் பிராங்கன்ஸ்டைன் பூதத்தை, ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட்டாகப் போட்டது. பையன்கள் ஒட்டினார்கள், உடைத்தார்கள், அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். அதே பையன்கள் பெரியவர்களாகி, மிச்சமிருக்கும் பாகத்துக்கு ரப்பர் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி, காணாமல் போன கைகால்களை முளைக்க வைக்கிறார்கள். ஜப்பானில் காட்ஸில்லா படம் வந்தது 1954-ல். அங்கேயும் வீட்டிலேயே ரெசினில் பூதம் வார்க்கிற கூட்டம் உண்டு. அவர்களுக்கெல்லாம் ஒரு சௌகரியம். அவர்கள் பூதம் சும்மா நின்றால் போதும். நம் பூதம் விழுந்து எழுந்திருக்க வேண்டும்!

புன்னைநல்லூர்ப் பக்கம் பொம்மை செய்கிற ஒரு பெரியவரிடம் போட்டோவோடு போனேன். மூஞ்சியைப் பார்க்கவே இல்லை. உடைந்த அடிப்பாகத்தைக் கையில் வாங்கி நிறுத்துப் பார்த்தார்.

"மூஞ்சி யார் வேணா பண்ணலாம் தம்பி. இதுதான் பொம்மை."

உண்மைதான். பொம்மையின் அடி, பந்தைப் பாதியாக வெட்டிய மாதிரி. அந்தப் பந்தின் நடுப்புள்ளிக்குக் கீழே மொத்த எடையின் மையம் இருந்தால், எந்தப் பக்கம் சாய்த்தாலும் மையம் மேலே ஏறும். ஏறினது இறங்கியாக வேண்டும், பொம்மை எழுந்துவிடும். மையம் நடுப்புள்ளிக்கு மேலே போய்விட்டால் சாய்ந்தது சாய்ந்ததுதான், சனிக்கிழமை மத்தியான குமாஸ்தா மாதிரி. ராஜா ராணி மேலே போகப் போக ஏன் குறுகுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? அழகுக்காக மட்டும் இல்லை. பூதத்துக்கோ தலைதான் பெரிசு, அதன் மேல் கொம்பு வேறு!

(அடியில் கனமே வைக்காமல், ஒரே பொருளில், எப்படிப் போட்டாலும் வந்து நிற்கிற நிலை ஒன்றே ஒன்று, தொட்டால் கவிழ்கிற சமநிலையும் ஒன்றே ஒன்று என்று இருக்கிற குழிவில்லாத உருவம் சாத்தியமா என்பது கணக்கு வாத்தியார்களின் கவலையாக இருந்தது. 2006-ல் ஹங்கேரிக்காரர்கள் டொமோகோஷும் வார்கொனியும் அதைச் செய்தே காட்டிவிட்டார்கள். பெயர் கோம்போட்ஸ். பூதத்துக்கு வைத்திருக்க வேண்டிய பெயர்!)

பெரியவர் கணக்கு சுலபம்: அடி 400 கிராம், தலையும் கொம்பும் சேர்ந்து 60 கிராமைத் தாண்டக் கூடாது.

அடிக்குக் களிமண். டெல்டாவில் அதற்குப் பஞ்சமா என்பீர்கள். ஆனால் காலண்டர் பார்க்க வேண்டும். மேட்டூரை வழக்கமான ஜூன் 12-ல் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால், குளத்திலும் வாய்க்காலிலும் தரையைப் பார்க்க முடியாது. எனவே மே மாசமே மண் எடுத்து, கல், வேர் பொறுக்கி, பிசைந்து மூடி வைத்தேன். கிண்ண அச்சில் அழுத்தி, நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் அவசரப்பட்டு வெடித்துவிடும். புரட்டாசியில் நவராத்திரி, அடுத்து ஐப்பசி அடைமழை. காய்கிற வேலையெல்லாம் அதற்குள்.

தலைக்குக் காகிதம். களிமண்ணில் மூஞ்சி செய்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று அச்சு எடுத்தேன். மரவள்ளிக்கிழங்கு மாவுப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம். பூச்சி அரிக்காது. (விஷம். குழந்தைகள் பக்கத்தில் வைக்காதீர்கள்.) பழைய பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்து அச்சுக்குள் ஒட்டி, காய்ந்ததும் உரித்து, இரண்டு பாதியையும் சேர்த்தால் தலை. எங்கள் ஆபீஸ் சர்க்குலர்கள் முதல் தடவையாக உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டன. தராசில் வைத்தேன்: 58 கிராம்!

சிக்கல் வந்தது கலரில். அத்தை சிவப்பு என்றாள்: "ரத்தச் சிவப்புடா, எனக்குத் தெரியாதா?" மிஞ்சிய ஓட்டைத் தண்ணீர்க் காகிதத்தால் மெதுவாகத் தேய்த்தேன். மேலே சிவப்பு. அதற்குக் கீழே இன்னொரு சிவப்பு. அதற்கும் கீழே, காகிதத்தை ஒட்டி, பாசிப் பச்சை! கொலுப் பொம்மைகளுக்கு அவ்வப்போது புதுப் பெயிண்ட் அடிப்பது வழக்கம்தானே. பூதம் பிறந்தது பச்சையாக. அத்தைக்கு நினைவு தெரிவதற்குள் சிவப்பாகிவிட்டது. அப்பா பயந்தது எந்தக் கலருக்கு? போட்டோவோ கறுப்பு வெள்ளை.

கலெக்டர்களின் சட்டப்படி (ஜில்லா கலெக்டர் இல்லை, எங்களைப் போன்றவர்கள்) பச்சைதான் சரி. அச்சு கையில் இருந்ததால் இரண்டு செய்தேன். பச்சை என் பீரோவுக்கு, சிவப்பு கீழவாசலுக்கு. இரண்டின் அடியிலும், பெயிண்டுக்கு முன்பே, ஈரக் களிமண்ணில் ஆணியால் செய்த வருஷத்தைக் கீறிவிட்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. பழைய சாமான் வியாபாரி ஒருவர் பச்சையைப் பார்த்துவிட்டு, "ஸார், நாலு நாள் புகையில காட்டி, ரெண்டு இடத்துல சுரண்டிக் குடுங்க. நூறு வருஷப் பீஸ்னு வித்துரலாம்" என்றார். தொகையும் சொன்னார், என் இரண்டு மாசச் சம்பளம். தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. செய்கிற கை குறைந்து வரும்போது, புதுசைப் பழசு என்று விற்றால் அடிபடுவது உண்மையான பழசும், உண்மையாகப் புதுசு செய்கிறவரும்தான். தலைகீழாகக் கவிழ்த்து வருஷத்தைக் காட்டினேன். ஆள் கிளம்பிவிட்டார்.

கொலுவுக்கு முதல் நாள் சிவப்பு பூதத்தோடு போனேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ஒரு விரலால் சாய்த்தாள். எழுந்தது. மறுபடி சாய்த்தாள். மறுபடி எழுந்தது.

"எல்லாம் சரி, பல்லு கம்மியா இருக்கேடா?"

"போட்டோல ஆறுதான் அத்தை இருக்கு."

"எட்டு. உங்கப்பன் எண்ணிக் காட்டுவான், கதவுக்குப் பின்னாடி நின்னுண்டு."

போட்டோ சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. தலையாட்டிவிட்டு, பையிலிருந்து பிரஷ்ஷையும் வெள்ளைப் பெயிண்டையும் எடுத்தேன்.