உண்ணிக் காய்ச்சலும் இடுப்பில் ஒரு கருப்புப் பொருக்கும்

போன மார்கழியில் ஊரிலிருந்து சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணே, அம்மாவுக்கு எட்டு நாளா காய்ச்சல். டெங்கு இல்லைங்கிறாங்க. டைபாய்டுன்னு சொல்லி ஊசியும் போட்டாச்சு. எறங்கவே மாட்டேங்குது."

சித்திக்கு ஆவூரில் பதினைந்து ஆடுகள். காலையில் ஓட்டிக்கொண்டு போனால் பொழுது சாய்கிற நேரம்தான் வீடு. நான் கிளம்பிப் போவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ரத்தத் தட்டணுக்களும் குறைந்திருந்தன. திருச்சிக்குக் கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுதான். ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னாடி கேட்ட முதல் கேள்வி, "காட்டுப் பக்கம் போவீங்களா பாட்டி?" அடுத்து திரையை இழுத்துவிட்டு, நர்ஸை விட்டு உடம்பு முழுக்கத் தேடச் சொன்னார். பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அப்படி ஒன்று இருப்பது சித்திக்கே தெரியாது.

ஸ்க்ரப் டைபஸ். டாக்சிசைக்ளின் ஆரம்பித்த இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

சரி, அதற்கு முன் போட்ட அத்தனை ஊசியும் ஏன் வேலை செய்யவில்லை? மருந்து போலியா, அளவு குறைவா? இரண்டும் இல்லை. கிருமி இருந்த இடம்தான் காரணம். அதைத் தேடிப் படித்ததன் குறிப்புகள்தான் இது. நான் மருத்துவன் இல்லை, கோடு எழுதுகிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். டைபஸும் டைபாய்டும் ஒன்றல்ல. காய்ச்சல் வேகத்தில் புத்தி மங்கிக் கிடப்பதைக் குறிக்கும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து இரண்டு பெயரும் வந்தன, அவ்வளவுதான். டைபாய்டு தண்ணீரிலும் சோற்றிலும் வரும் சால்மோனெல்லா. ஸ்க்ரப் என்றால் புதர்க்காடு. புதரிலிருந்து வருவது இந்த டைபஸ்.

தமிழ்ப் பத்திரிகைகள் இதை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. எனக்கு இந்தப் பெயர் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. உண்ணி என்றதும் நம்மாட்கள் ஆட்டுக் காதையும் நாயின் கழுத்தையும் பார்க்கிறார்கள். இது அந்த உண்ணி இல்லை. மண்ணில் வாழும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. ஆறு கால், மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். வாழ்நாளில் அந்தக் குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் அது கடிக்கும். அதுவும் ரத்தம் குடிக்க அல்ல, தோலைக் கரைத்துத் திசுநீரை உறிஞ்ச. வழக்கமாக எலியும் மூஞ்சூறும்தான் அதற்கு இரை. புல்லில் உட்கார்ந்த மனிதன் நடுவில் மாட்டிக்கொள்கிறான். தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே கிருமி அடுத்த தலைமுறைக்குப் போய்விடுவதால், புதர் இருக்கும் இடத்தில் அது வருஷக்கணக்கில் தங்கிவிடும். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வரப்பு, கண்மாய்க் கரை, கருவேலங்காடு எல்லாம் பச்சை பிடிக்கும். தமிழ்நாட்டில் இந்தக் காய்ச்சல் கூடுவதும் அந்தக் குளிர் மாதங்களில்தான்.

கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. பின்பாதி ஜப்பானியச் சொல், தீங்கு செய்யும் பூச்சி என்று பொருள். பாக்டீரியாதான், ஆனால் பாதி வைரஸ் மாதிரி நடந்துகொள்கிறது. செல்லுக்கு வெளியே அதனால் பெருக முடியாது. நம் ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களுக்குள் நுழைகிறது. செல் அதை ஒரு பைக்குள் போட்டு மூடுகிறது. பையைக் கிழித்து வெளியே வந்து, செல்லின் உள்ளே இருக்கும் நுண்குழாய்த் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கருவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பெருகுகிறது. பிறகு நம் செல்லின் சவ்வையே போர்வையாகச் சுற்றிக்கொண்டு மொட்டு விடுவதுபோல வெளியேறுகிறது. இன்ஃப்ளுயென்சா வைரஸ் வெளியேறும் விதமும் இதுதான். இதன் மரபுத்தொகுதியில் கிட்டத்தட்ட பாதி, திரும்பத் திரும்ப வரும் ஒரே துண்டுகள். யாரோ அவசரத்தில் காப்பி பேஸ்ட் அடித்த புரோகிராம் மாதிரி இருக்கிறது, ஆனாலும் ஓடுகிறது!

ரத்தக்குழாய்ச் சுவர் கெட்டால் நீர் கசியும். நுரையீரலில் கசிந்தால் மூச்சு வாங்கும். சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று எங்கே வேண்டுமானாலும் தாக்கலாம். தட்டணுக்கள் குறைவதால் பார்ப்பதற்கு டெங்கு போலவே இருக்கும்.

இப்போது ஊசிக்கு வருவோம். பெனிசிலின், அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன் எல்லாம் ஒரே குடும்பம். பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டவிடாமல் செய்பவை. இந்தக் கிருமியிடம் அந்தச் சுவர் பெயரளவுக்குத்தான் இருக்கிறது. இடிக்கச் சுவர் இல்லாத வீட்டுக்குக் கடப்பாரை எதற்கு? ஜென்டாமைசின் வேறு வகை, ஆனால் அது நம் செல்லுக்குள் சரியாக நுழையாது. டாக்சிசைக்ளின் செல்லுக்குள் நுழைந்து, கிருமி புரதம் தயாரிக்கும் இடத்தையே அடைக்கிறது. விலை குறைந்த பழைய மாத்திரை. அசித்ரோமைசினும் அப்படியே, கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் அதைத்தான் தருகிறார்கள். இவை வருவதற்கு முன்பு, இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் இந்த நோய் கண்ட சிப்பாய்களுக்கு மருந்தே கிடையாது. 1948-ல் கோலாலம்பூரில் ஜோசப் ஸ்மாடெல் குழு குளோராம்பெனிக்கால் கொடுத்துப் பார்த்ததுதான் முதல் வெற்றி.

நோய் முற்றிவிட்டால் ஒரு மருந்து போதுமா என்பதற்கும் பதில் நம் நாட்டிலிருந்தே வந்தது. வேலூர் சிஎம்சியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் 7 மையங்களில் 794 தீவிர நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, 2023-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் மூன்றையும் சேர்த்து எண்ணினார்கள். டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதம், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48, இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 33. இறப்பில் மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது நேரத்தோடு ஆரம்பிப்பதை எந்தக் கூட்டு மருந்தாலும் ஈடுகட்ட முடியாது.

பரிசோதனையிலும் ஒரு வேடிக்கை. வெய்ல்-ஃபெலிக்ஸ் என்ற பழைய டெஸ்டில் இந்தக் கிருமியே இருக்காது. சம்பந்தமே இல்லாத புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவை வைத்து, நோயாளியின் எதிர்ப்புரதம் அதில் ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் ஹாஷ் மோதல். இரண்டு வேறு கோப்புக்கு ஒரே கையெழுத்து. அதனால் நிறைய தவறும். இப்போது எலைசா, பிசிஆர் வந்துவிட்டன. ஆனால் எலைசா தேடும் எதிர்ப்புரதம் உருவாகச் சில நாள் ஆகும். பொருக்கோ முதல் நாளே அங்கே இருக்கும். வேலூரில் பார்த்த நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்கு அது இருந்தது. பெண்களுக்குப் பெரும்பாலும் மார்பு, வயிற்றுப் பக்கம். ஆண்களுக்கு அக்குள், தொடை இடுக்கு. மறைவான இடம் என்பதால் வெட்கப்பட்டுக் காட்டாமல் விடுகிறார்கள், பார்க்கிறவரும் கேட்காமல் விடுகிறார். சித்திக்கு ஒரு வாரம் போனது இப்படித்தான். அதே சமயம் மீதிப் பாதிப் பேருக்குப் பொருக்கே இருக்காது என்பதையும் மறக்கக்கூடாது.

இதற்குத் தடுப்பூசி இல்லை. கிருமியில் ஏகப்பட்ட ரகங்கள், ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்றுக்கு உதவாது. அதனால் காட்டிலிருந்து வந்ததும் துணி மாற்றிக் குளிப்பது, புதர் மேல் துணி காயப்போடாமல் இருப்பது, வெறும் புல்லில் படுக்காமல் இருப்பது, இவ்வளவுதான் கையில் இருக்கிறது.

இதையெல்லாம் சித்தியிடம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிப்பா, வர்றப்ப ஆட்டுக்கு உண்ணி மருந்து வாங்கிட்டு வா" என்றார். வாங்கிக் கொடுத்தேன். ஆட்டுக்கு நல்லதுதானே.