மூக்குத்திக்கு வெளிச்சம்

மூக்குத்தி, ஜிமிக்கி, பட்டன், பழைய நாணயம் போன்ற சிறு பொருள்களை நெருக்கத்தில் படம் எடுக்க விலை கூடிய கேமரா கட்டாயமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய செல்போனே போதும். படம் எடுபடுவதும் எடுபடாததும் வெளிச்சத்தின் கையில் இருக்கிறது: அது எந்தப் பக்கமிருந்து விழுகிறது, எவ்வளவு அகலமாக விழுகிறது என்பதே கணக்கு.

பெங்களூரு சிவாஜிநகர் வட்டாரத்தில் இந்தக் கணக்கு பலருக்குப் பிழைப்போடு சேர்ந்தது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் நகை, கவரிங், மணி, லேஸ் விற்கும் கடைகள் நெருங்கி நிற்கின்றன. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி வியாபாரம் பேசுவது இன்று சிறு கடைகளுக்கும் பழகிவிட்டது. ஆனால் கடை ட்யூப்லைட்டின் கீழே, கண்ணாடி கவுண்டர் மேல் வைத்து எடுத்தால் நல்ல ஜிமிக்கியும் மங்கிப் போகும். கல்லின் நிறமும் மாறித் தெரியும். இதைச் சரிசெய்யத் தேவையானவை நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன. 1927-இல் எழும்பிய ரஸ்ஸல் மார்க்கெட் போன்ற சந்தைகளுக்கு ஐஸ் போட்டு மீன் வந்து இறங்கும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி, ஸ்டேஷனரி கடையின் ட்ரேசிங் பேப்பரும் சார்ட்டும், எலக்ட்ரிகல் கடையின் 9 வாட் எல்இடி பல்பு. இவ்வளவுதான்.

வெளிச்சம் மென்மையாக விழுவதும் கடுமையாக விழுவதும் விளக்கின் வாட்டைப் பொறுத்ததல்ல. பொருளிலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு மீட்டர் தள்ளி எரியும் பல்பு மூக்குத்திக்கு வெறும் புள்ளி. அதனால் நிழல் கத்தி வெட்டியது போல விழுகிறது, உலோகத்தில் கண்ணைக் கூசும் வெள்ளைப் பொட்டு தெரிகிறது. அதே பல்புக்கு முன்னால் ஏ4 அளவு ட்ரேசிங் பேப்பரை நிறுத்தி, அந்தப் பேப்பரைப் பொருளுக்கு 10 சென்டிமீட்டர் அருகே கொண்டுவந்தால் பேப்பர் முழுவதும் விளக்காகிவிடும். ஒரு சென்டிமீட்டர் மூக்குத்திக்கு அது தன்னைப் போல் இருபது, முப்பது மடங்கு அகலமான வெளிச்சம். ஓர் ஆளை நிற்க வைத்து இந்த மென்மையைக் கொண்டுவர ஸ்டுடியோக்காரர் சுவர் அளவு துணி கட்ட வேண்டும். சிறு பொருளைப் படம் எடுப்பவருக்கு ஒரு தாள் போதும். செலவு குறைந்த ஏற்பாடு இங்கே எடுபடும் காரணம் இதுவே.

பெட்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மூடியை எடுத்துவிட்டு, திறந்த பக்கம் முன்னால் வரும்படி படுக்க வைக்க வேண்டும். இரு பக்கச் சுவர்களிலும் மேலேயும் இரண்டு அங்குல விளிம்பு விட்டு ஜன்னல் வெட்டி ட்ரேசிங் பேப்பரை ஒட்டலாம். உள்ளே பின்சுவரின் உச்சியிலிருந்து தரை வரை ஒரே சார்ட்டை மடிப்பு விழாமல் வளைத்து இறக்கினால் பின்னணியில் கோடு தெரியாது. பல்பு ஜன்னலுக்கு வெளியே அரை அடி தள்ளி இருக்கட்டும். பழைய குண்டு பல்போ ஹாலஜனோ இங்கே கூடவே கூடாது. அவற்றின் சூட்டில் தெர்மாகோல் உருகும், தீயும் பிடிக்கும்.

இரு பக்கமும் ஒரே அளவில் வெளிச்சம் கொடுப்பது பலர் செய்யும் தவறு. அப்போது நிழலே இல்லாமல் பொருள் தட்டையாகிவிடுகிறது. ஒரு பக்கம் பல்பு, எதிர்ப்பக்கம் வெறும் வெள்ளை அட்டை என்று வைத்தால் உருட்சி தெரியும்.

பளபளக்கும் உலோகம்தான் உண்மையான சோதனை. மெருகேறிய வளையல் கண்ணாடியைப் போலச் சுற்றியிருப்பதை எல்லாம் காட்டும்: எடுப்பவரின் விரல், சிவப்புச் சட்டை, போனின் கறுப்பு முதுகு. வெள்ளைத் தாளைச் சுற்றி நிறுத்தினால் வளையல் வெள்ளையைக் காட்டும். ஆனால் எல்லாப் பக்கமும் வெள்ளையானால் தங்கமும் பிளாஸ்டிக் போல உயிரற்றுப் போகும். விரல் அகலக் கறுப்பு சார்ட் துண்டு ஒன்றைப் பக்கவாட்டில் நிறுத்தியதும் உலோகத்தின் மேல் ஒரு கருங்கோடு ஓடி வளைவை எடுத்துக் காட்டும். நகைப் படத்துக்கு இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை. முகத்துக்கு அழகாக இருக்கும் ரிங் லைட், நகையின் ஒவ்வொரு குண்டுமணியிலும் ஒரு வெள்ளை வளையத்தைப் பதித்துவிடும். அதைத் தவிர்ப்பதே நல்லது.

கல் பதித்த நகைக்கு மென்மை மட்டும் போதாது. கல் மின்னுவதற்குப் புள்ளி வெளிச்சம் வேண்டும். பெட்டி வெளிச்சத்தோடு, தாள் மறைக்காமல் ஒரு சிறு டார்ச்சைத் தள்ளிப் பிடித்தால் மின்னல் வந்துவிடும். நாணயத்துக்கு ஒரே விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் சாய்த்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பும். கண்ணாடி மணிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம்.

போனைப் பொருளின் மேல் முட்டக் கொண்டுபோவதால் பயனில்லை. பெரும்பாலான போன்களின் முக்கியக் கேமரா சுமார் 10 சென்டிமீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. போனின் நிழலும் விழும். கொஞ்சம் பின்வாங்கி இரண்டு மடங்கு ஜூம் வைப்பது மேல். மேக்ரோ லென்ஸ் உள்ள பெரிய கேமராவில், பொருளின் உண்மை அளவே சென்சாரில் விழும் நெருக்கத்தில், எஃப்11 வைத்தாலும் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்தான். ஆகவே முக்கியமான முகப்பு லென்ஸுக்கு நேராக இருக்க வேண்டும். கேமராவை ட்ரைபாடிலோ செங்கல் அடுக்கிலோ நிறுத்தி 2 விநாடி டைமர் போட்டால் கை நடுக்கம் சேராது. சில எல்இடி பல்புகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் பட்டைகள் விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 ஆக்கினால் மறையும்.

நிறம் மாறாமல் இருக்கக் கடை விளக்குகளை அணைத்துவிட்டு, வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸைப் பூட்ட வேண்டும். வெள்ளைப் பின்னணியைக் கேமரா சாம்பல் நிறமாக்கும் என்பதால் எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்ற வேண்டும். கறுப்பு வெல்வெட்டில் வைத்தால் இறக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூசி நெருக்கத்தில் மணலாகத் தெரியும் என்பதால் எடுப்பதற்கு முன் மென்தூரிகையால் தட்டிவிட்டு, ரேகை படாமல் துணியால் பிடித்து வைப்பது அவசியம். கடைசியாக ஒரு படம் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும். வாங்குபவர் முதலில் கேட்பது அளவைத்தான்.